பயத்தை மெட்டில் ஏற்றுவது: வீட்டு ஸ்டுடியோவுக்கு ஒரு செய்முறை

இடி முழக்கம், நரியின் ஊளை, கீச்சிடும் கதவு, பேய்ச்சிரிப்பு. இந்த நாலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நாலையும் ஒரே பாட்டில் அடுக்கிப் போட்டுப் பாருங்கள், கேட்பவர் சிரித்துவிடுவார். அந்தப் பாட்டில் பறிபோவதற்கு எதுவும் இல்லை. கேட்பவர் நம்பிப் பிடித்துக்கொள்ள முதலில் ஒரு தாளமோ மெட்டோ குரலோ வேண்டும். அது ஓரிடத்தில் பிசகும்போதுதான் முதுகு சில்லிடும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே வேலையைத்தான் செய்கிறது: ஒன்றைப் பழக்கிவிட்டு, பிறகு அதில் ஒன்றை மட்டும் மாற்றுவது.

1966இல் வந்த 'யார் நீ?' படத்தில் பி. சுசீலா பாடிய 'நானே வருவேன்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேதாவின் இசையில் அந்த மெட்டு இனிமையாகத்தான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் காதல் பாட்டு என்றே சொல்லலாம். பாடுவது யார், எங்கிருந்து பாடுகிறாள் என்று தெரியாத ஒரே காரணத்தால்தான் அது திகில் பாட்டாகிறது.

தேவையானவை: இசைப்பதிவு மென்பொருள் உள்ள ஒரு கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஒரு கார்டியாய்டு மைக் (முன்னால் வரும் ஒலியையே அதிகம் பிடிப்பது), பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை), மூடிய ஹெட்ஃபோன், கடைசிச் சோதனைக்கு ஒரு சாதாரண கைபேசி. நிமிடத்துக்கு 72 தட்டு என்று வேகம் வைத்தால் நாலு நிமிடப் பாட்டுக்கு 288 தட்டு, அதாவது நாலு தட்டு கொண்ட 72 பார். இந்த 72 கட்டங்களைக் காகிதத்தில் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். எந்தக் கட்டத்தில் பிசகப்போகிறது என்பதை இப்போதே குறித்துவிட வேண்டும். மிக்ஸிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட பாட்டுகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

எந்தப் பயம்?

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நாலு மூலம் சொல்கிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' தெய்வமும் பேயும் (அணங்கு) ஒன்று, விலங்கு ஒன்று, திருடர் (கள்வர்) ஒன்று, தண்டிக்கும் அதிகாரம் (இறை) ஒன்று. பாட்டு எழுதுகிறவருக்கு இதைவிடக் கைக்கு அடக்கமான பட்டியல் கிடைப்பது அரிது. ஏனென்றால் நாலுக்கும் ஒலி வேறு வேறு. அணங்குக்குத் தூரமும் எதிரொலியும். விலங்குக்கு அடித்தொனியும் திடீர் அசைவும். கள்வருக்கு மிக அருகில் கேட்கும் சின்னச் சின்னச் சத்தங்கள். இறைக்குக் கூட்டமும் ஒரே சீரான அடியும். ஒரு பாட்டுக்கு ஒன்று போதும். இரண்டைக் கலந்தால் கேட்பவர் எதற்குப் பயப்படுவது என்று யோசிக்க ஆரம்பிப்பார், யோசித்தால் பயம் போய்விடும்.

மேற்கத்திய ராக்கில் இப்படிப் பிரித்து வைத்தவர் கனடாவின் ரஷ் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்துப் பாட்டும் எழுதிய நீல் பியர்ட். 'பயம்' என்ற தலைப்பில் அவர் எழுதிய தொடரில் மூன்றாம் பாகமான 'விட்ச் ஹன்ட்' 1981இல் முதலில் வந்தது. அது கும்பல் வெறியைப் பற்றியது. அடுத்த ஆண்டு இரண்டாம் பாகம் 'தி வெப்பன்': பயத்தை நம்மீது ஆயுதமாகத் திருப்புகிறவர்களைப் பற்றியது. 1984இல் முதல் பாகம் 'தி எனிமி விதின்': பயம் நமக்குள்ளேயே வேலை செய்யும் விதம். நாலாம் பாகம் 'ஃப்ரீஸ்' 2002 வரை வரவே இல்லை. வெளியில் தெரியும் கும்பலில் தொடங்கி உள்ளே போகும் இந்தத் தலைகீழ் வரிசை ஆல்பம் போடுகிறவர்களுக்கு உதவும். அதற்குக் கடைசியில் வருவோம்.

தொல்காப்பியப் பட்டியலில் இல்லாத ஐந்தாவது பயமும் உண்டு: அன்றாடப் பொருள்கள்மீது. டாக்கிங் ஹெட்ஸ் ராக் குழுவின் 1979 ஆல்பம் 'ஃபியர் ஆஃப் மியூசிக்' காகிதம், காற்று, நகரங்கள், எலெக்ட்ரிக் கிட்டார் என்று அன்றாடப் பொருள்களைத் தலைப்பாக்கி ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறது. விலங்குகளுக்கும் அதில் ஒரு பாட்டு உண்டு. பேயைக் காட்டாமல் மின்விசிறியை வைத்தே பயமுறுத்த நினைப்பவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும்.

நாடித்துடிப்பு

பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 1973 ஆல்பம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பில் முடிகிறது. அது உண்மையான இதயம் அல்ல, மெத்தென்று ஆக்கப்பட்ட கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்). அதன்பிறகு எல்லோரும் இதயத்துடிப்பு போட்டார்கள். பெரும்பாலும் தப்பாக.

தப்பு எங்கே என்றால், 'லப்', 'டப்' இரண்டையும் சம இடைவெளியில் வைப்பதில். ஓய்வில் இருக்கும் இதயத்தில் லப்புக்கும் டப்புக்கும் நடுவே சுமார் 0.3 நொடிதான், மிச்ச நேரம் மௌனம். 72 வேகத்தில் ஒரு தட்டு 0.83 நொடி. அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.28 நொடி. ஆகவே மென்பொருளின் கிரிட்டை (தட்டைப் பிரித்துக் காட்டும் கோடுகளை) டிரிப்லெட்டுக்கு, அதாவது தட்டுக்கு மூன்று புள்ளிக்கு மாற்றி, முதல் புள்ளியில் லப்பையும் இரண்டாவது புள்ளியில் டப்பையும் வையுங்கள், மூன்றாவதைக் காலியாக விடுங்கள். டப் சற்று மேல் தொனியிலும் 3 டெசிபல் குறைவாகவும் இருக்கட்டும்.

பயம் ஏற ஏற வேகம் கூட்ட வேண்டும். ஆனால் மென்பொருளில் வேகத்தை மட்டும் கூட்டினால் கடிகாரம் போலக் கேட்கும். உண்மையில் நாடி வேகமாகும்போது லப்–டப் இடைவெளி கொஞ்சம்தான் சுருங்குகிறது. டப்புக்குப் பின்னால் வரும் மௌனம்தான் வேகமாகத் தின்னப்படுகிறது. கணக்காகச் சொன்னால், 72இல் தட்டின் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும் டப், 108க்கு வரும்போது ஏறத்தாழ நடுவில் வந்து நிற்க வேண்டும். கையாலேயே நகர்த்துங்கள். பார் பாராகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் யாருக்கும் தெரியாது. உடம்புக்கு மட்டும் தெரியும்.

கிக்கின் உடல் 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும். கைபேசி ஸ்பீக்கரில் அது வரவே வராது. அதே அடியை இன்னொரு டிராக்கில் போட்டு லேசாக சாச்சுரேஷன் (மெல்லிய ஒலிச்சிதைவு) கொடுத்து, 200 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை மட்டும் விட்டு, அசலைவிட 8 டெசிபல் கீழே சேருங்கள். தாழ்ந்த ஒலி என்றதும் சிலர் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்கே கேட்காத அதிர்வைச் சேர்த்தால் கேட்பவர் நடுங்குவார் என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். வீட்டு ஸ்பீக்கரோ ஹெட்ஃபோனோ அதை நம்பகமாக வெளியே தள்ளாது, மாஸ்டரிங்கில் (பாட்டின் கடைசி ஒலி மெருகேற்றலில்) இருக்கும் இடத்தை வீணாக்குவதுதான் மிச்சம். 30க்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

துள்ளலான பயமும் உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 1982 'திரில்லர்' 118 வேகத்தில் ஆடவைக்கிறது. கதவும் காலடியும் ஓநாயும் பெரும்பாலும் தொடக்கத்தில்தான், நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேச்சு கடைசியில்தான். நடுவில் பெரும்பாலும் நடனம். பயமுறுத்தும் பொருள்களை முன்னும் பின்னும் வைத்து நடுவைப் பாதுகாப்பாக விட்ட அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சுரங்கள்

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படும் இடம் இது.

பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழு 1970 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு மழை, மணியோசை, இடியில் தொடங்கி மூன்று சுரங்களில் இறங்குகிறது: ஜி, அதன் மேல் ஜி, பிறகு சி ஷார்ப். நம் கணக்கில் ச, மேல் ச, பிரதி மத்யமம் (ம2). ச–ம2 இடைவெளி, அதாவது ஆறு அரைச்சுரம், மேற்கில் 'சாத்தானின் சுரம்' என்று பேர் வாங்கியது. இதைப் படித்துவிட்டு ம2 போட்டால் பயம் வரும் என்று ஒருவர் கிளம்பினால், தமிழ்க் காதில் அது எடுபடாது. ஷண்முகப்பிரியாவில் ம2 இருக்கிறது. அதில் முருகன் பாட்டு கேட்டு வளர்ந்த காது அது. ஹம்சானந்தியில் ரி1 (சுத்த ரிஷபம்), ம2 இரண்டும் இருக்கின்றன, பஞ்சமம்கூட இல்லை. கேட்பவர் கண்ணை மூடி உருகுகிறார்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? மூன்று இடங்களில்.

ஒன்று, ம2 எங்கே போகிறது என்பதில். ம2விலிருந்து பஞ்சமத்துக்கு (ப) ஏறினால் காது வீடு வந்து சேர்ந்ததாக உணர்கிறது. 'ப'வை எடுத்துவிட்டு, ம2வையே வரியின் கடைசிச் சுரமாக நிறுத்தினால் அடுத்த படி இல்லாத மாடிப்படி மாதிரி இருக்கும். இரண்டு, கமகம். நம் ராகங்களில் சுரம் ஆடும், வளையும், பக்கத்துச் சுரத்தைத் தொட்டு வரும். அந்த அசைவுதான் உயிர். ம2வை அசைவே இல்லாமல், வைப்ரேட்டோகூட இல்லாமல் 3 நொடி நேராக நிறுத்துங்கள். ராகம் செத்தது போலக் கேட்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். மூன்று, முன்பே சொன்னதுபோல அளவு. பல்லவி முழுக்க ம1 (சுத்த மத்யமம்) வைத்து மெட்டுப் போட்டு, இரண்டாம் சரணத்தின் ஒரே ஓரிடத்தில் அந்த ம1ஐ ம2வாக மாற்றுங்கள். சொல் மாறக்கூடாது, தாளம் மாறக்கூடாது, அந்த ஒரு சுரம் மட்டும். கேட்பவருக்கு என்ன மாறியது என்று சொல்லத் தெரியாது, திரும்பிப் பார்ப்பார்.

அடுத்து அரைச்சுர உரசல், ச–ரி1 சேர்த்து ஒலிப்பது. இதை எந்த ஸ்தாயியில் வைக்கிறோம் என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, மனித அலறலைச் சாதாரணப் பேச்சிலிருந்து பிரித்துக் காட்டுவது நொடிக்கு 30 முதல் 150 முறை வரை நடக்கும் ஒலியளவு அதிர்வு, அதாவது ஒரு சொரசொரப்பு, என்று காட்டியது. இரண்டு சுரங்கள் உரசும்போது அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை முறை ஒலி துடிக்கும். கீழ் ஸ்தாயியில் 131, 139 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் 8தான்; வெறும் சேறாகக் கேட்கும். 523, 554 என்றால் 31, சொரசொரப்பு தொடங்குகிறது. இன்னும் ஒரு ஸ்தாயி மேலே போனால் 62, பல் கூசும். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் 1960 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சிக்கு வெறும் தந்தி வாத்தியங்களை உச்சத்தில் கீற வைத்தது வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ச–ரி1 உரசலை 1 கட்டை ஸ்ருதியில் மத்திய ஸ்தாயிக்கு மேலே உள்ள 'ச'வில் தொடங்கி வையுங்கள், கீழே பேஸுக்குத் தனியாக ஒரு ச மட்டும்.

வயலின் பேட் (நீட்டி ஒலிக்கும் வயலின் பின்னணி) ஒன்றை நாலு டிராக்காகப் பிரித்து, ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றை 12, 25, 50 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்கினால் கூட்டமாகக் கலைவது போல வரும். ரேடியோஹெட் ராக் குழுவின் ஜானி கிரீன்வுட் 1997இல் 16 வயலின்களைக் கால்சுர இடைவெளியில் அடுக்கியது இதன் பெரிய வடிவம். எல்லா டிராக்கையும் விலக்கிவிடாதீர்கள். சுருதி சேர்ந்த ஒன்று இருந்தால்தான் மற்றவை விலகியது தெரியும்; இல்லாவிட்டால் வாத்தியக்காரருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றே நினைப்பார்கள்.

வரிகள்

'பயம்', 'திகில்', 'பேய்', 'மரணம்', 'இருள்' ஆகிய ஐந்து சொற்களையும் தத்தகாரத்தில்கூட எழுதாதீர்கள். எழுதினால் பாட்டு தன்னைத்தானே அறிவித்துக்கொள்ளும். அதற்குப் பதில் பொருளைச் சொல்லுங்கள். கந்த சஷ்டி கவசத்தைக் கவனியுங்கள். சூலமங்கலம் சகோதரிகளின் குரலில் எத்தனையோ வீடுகளில் காலையில் ஒலிக்கும் அது, பயத்தைப் போக்கப் பாடுவதுதான். ஆனால் தேவராய சுவாமிகள் உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார், பிறகு பேய்களை வகை வகையாகப் பேர் சொல்கிறார். காக்க வேண்டிய இடம் இத்தனை என்று எண்ணிக் காட்டும்போதே எத்தனை வழியாக அது உள்ளே வரலாம் என்பதும் தெரிந்துவிடுகிறது. உங்கள் சரணத்திலும் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, மோட்டார் ரூம், மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று எண்ணுங்கள். எண்ணிக்கையே போதும்.

தமிழ் இலக்கணம் இரண்டு கருவிகளை லேசாகக் கையில் கொடுக்கிறது. முதலாவது வினையெச்சம். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அது வரும்வரை காது காத்திருக்கும். 'வாளியை இறக்கி... கயிற்றை இழுத்து... எட்டிப் பார்த்து...' என்று மூன்று எச்சம் பாடிவிட்டு வரியை நிறுத்திவிடுங்கள். முற்று வரவேண்டிய நாலு தட்டில் வெறும் நாடித்துடிப்பு. அடுத்த பல்லவியில் முற்றைக் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். கொடுக்காமல் விடுவதே நல்லது.

இரண்டாவது அஃறிணை. 'வாசல்வரை வந்தாள்' என்று நாலு முறை பாடுங்கள். ஐந்தாவது முறை 'வாசல்வரை வந்தது'. இரண்டே எழுத்து மாறியதில் ஆள் போய்விட்டது. பின்னணி இசையில் எதுவும் செய்யாதீர்கள். அந்த இடத்தில் ஒரு சிம்பல் விழுந்தால்கூட வேலை கெட்டுவிடும்.

குரல்

மைக்கிலிருந்து 5 முதல் 8 சென்டிமீட்டரில், பாப் ஃபில்டர் வைத்து, வாயை மைக்குக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பிப் பாட வேண்டும். இவ்வளவு அருகில் கார்டியாய்டு மைக் தாழ்ந்த ஒலியைத் தானாகவே உப்பவைக்கும். குரல் காதுக்குள் இருப்பது போலக் கேட்கும். 80 ஹெர்ட்ஸில் கீழ்வெட்டு போடுங்கள், அதற்கு மேல் வெட்டாதீர்கள், அந்த உப்பல்தான் நமக்குத் தேவை.

நடுங்கும் குரலில் பாடச் சொல்லாதீர்கள். நாடக நடுக்கம் உடனே பிடிபடும். பாடகரின் வசதியான ஸ்தாயியிலிருந்து ஒரு கட்டை இறக்கிப் பாடவைத்தால், அடிச்சுரங்களில் காற்றே மிஞ்சும், அது போதும். அதே வரியை இன்னொரு டிராக்கில் கிசுகிசுக்கச் சொல்லி 12 முதல் 15 டெசிபல் கீழே வையுங்கள். இரண்டிலும் 'ச', 'த', 'ப' ஒரே நேரத்தில் விழவில்லை என்றால் இரண்டு பேர் என்று தெரிந்துவிடும். மெய்யெழுத்து மெய்யெழுத்தாக நகர்த்திப் பொருத்த வேண்டும். கிசுகிசுப்பில் 'ச' கீறும், 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டீஎஸ்ஸர் (அந்தக் கீறலை அடக்கும் கருவி) போடுங்கள்.

மூச்சை வெட்டாதீர்கள். எடிட்டிங்கில் பழக்கதோஷத்தில் எல்லா மூச்சையும் துடைத்துவிடுவோம். இந்தப் பாட்டில் வரிக்கு முன்னால் உள்ளிழுக்கும் மூச்சு முழுதாக இருக்கட்டும். ஓரிடத்தில் மட்டும் மூச்சை இழுத்தபின் வரி வராமல் இருக்கட்டும்.

அலறல் தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தில் சாவைப் பற்றிய பாட்டில் பாடகி கிளேர் டோரி ஒரு சொல்கூட இல்லாமல் பாடுகிறார், அது கெஞ்சல், கதறல், அடங்கல் என்று போகிறது. அதே பாட்டில் ஆபி ரோடு ஸ்டுடியோவின் வாயில்காப்பாளர் சாவதற்குத் தனக்குப் பயமில்லை என்று சாதாரணமாகப் பேசுவது பதிவாகியிருக்கிறது. குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் கேள்விகளை அட்டைகளில் எழுதி, ஸ்டுடியோவில் இருந்தவர்களிடம் காட்டிப் பதில்களைப் பதிவு செய்தார். இந்த முறை செலவில்லாதது. உங்கள் தெருவில் நாலு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, அனுமதியோடு, கைபேசியிலேயே பதிவு செய்யுங்கள். பதில் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அலறல்தான் வேண்டும் என்றால் மூன்று டேக்குக்கு மேல் வாங்காதீர்கள், அன்றைய வரிகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வாங்குங்கள். அலறிய தொண்டை அன்று மறுபடி பாடாது.

சொல் பிறப்பதற்கு முன்பே அதன் நிழல் வருவது போன்ற தலைகீழ் ரிவர்ப் (எதிரொலியின் நீண்ட வால்) செய்ய:

1. வரியின் முதல் சொல்லை மட்டும் வெட்டிப் புதிய டிராக்கில் வையுங்கள். பின்னால் 4 நொடி காலி இடம் விடுங்கள்.
2. அந்தத் துண்டைத் தலைகீழாக்குங்கள்.
3. 4 நொடி நீளும் ரிவர்ப் போட்டு, நேர் ஒலியை முழுக்க எடுத்துவிட்டு, ரிவர்ப் மட்டும் வரும்படி வையுங்கள்.
4. வால் முழுதும் சேரும்படி புதிய ஃபைலாக ஏற்றுமதி செய்யுங்கள். வால் அறுந்துபோவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் கோளாறு.
5. அந்த ஃபைலைத் திரும்பத் தலைகீழாக்கி, அதன் ஏற்றம் அசல் சொல் தொடங்கும் இடத்தில் முடியும்படி பொருத்தி, அங்கே 10 மில்லிநொடி ஃபேடில் வெட்டுங்கள். அளவு குரலைவிட 12 டெசிபல் கீழே.

பாட்டுக்கு ஒரு முறை. இரண்டாம் முறை அது வெறும் எஃபெக்ட்.

கும்பல்

இறை வகைப் பயத்துக்குக் கூட்டம் வேண்டும். 'விட்ச் ஹன்ட்' தொடக்கத்தில் கேட்கும் கும்பல், கியூபெக்கின் மோரின் ஹைட்ஸில் இருந்த ஸ்டுடியோவுக்கு வெளியே குளிரில் குழுவினர் கத்தியதைப் பல முறை பதிவு செய்து அடுக்கியதுதான். நீங்களும் அப்படியே செய்யலாம்: ஐந்து பேர், ஆறு டேக், முப்பது குரல். ஒவ்வொரு டேக்கிலும் இடம் மாற வேண்டும்: இரண்டு டேக் மைக்கிலிருந்து 1 மீட்டரில், இரண்டு 3 மீட்டரில், இரண்டு 6 மீட்டரில். மொட்டை மாடியில் எடுங்கள். அறைக்குள் எடுத்தால் எத்தனை அடுக்கினாலும் அதே சுவர் கேட்கும், அது கும்பலாகாது, வகுப்பறையாகும். சொற்கள் தெளிவாக விழக்கூடாது. ஒருவர் காய்கறி விலை சொல்லட்டும், ஒருவர் பேருந்து எண்களைச் சொல்லட்டும், எல்லோரும் கோபமாக. இரண்டு டேக்கை அரைச்சுரம் இறக்கிவிட்டால் முகங்கள் மாறிவிடும்.

பொருள்களின் சத்தத்தையும் நீங்களே பதிவு செய்யுங்கள். கப்பியில் உரசும் கிணற்றுக் கயிறு, பக்கத்து வீட்டு குக்கர் விசில், கேட் கொண்டி. 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து பாதி வேகத்துக்கு இறக்கினால் ஒரு ஸ்தாயி கீழே போகும், நீளம் இரட்டிப்பாகும், 48இல் பதிந்து இறக்கியது போல மந்தமாகவும் இருக்காது. இரவில் எங்கோ கேட்கும் குக்கர் விசிலை இப்படி இறக்கிக் கேட்டவர்கள் மறுநாள் சமைக்க யோசிப்பார்கள்.

தூரமும் மௌனமும்

ரிவர்ப் அதிகம் போட்டால் குரல் தூரம் போகும் என்பது பாதி உண்மை. ப்ரீடிலே (நேர் ஒலிக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி) 80 மில்லிநொடி வைத்தால் மண்டபம் பெரிதாகும், குரல் மட்டும் அருகிலேயே நிற்கும். தூரத்தில் நிறுத்த வேண்டுமானால் ப்ரீடிலேயை 10க்குள் இறக்கி, நேர் ஒலியை 10 டெசிபல் குறைத்து, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்ட வேண்டும். அணங்குப் பாட்டுக்கு முழுப் பாட்டும் இந்தத் தூரத்தில் போகட்டும். கடைசி வரியில் மட்டும் ரிவர்பை அடியோடு நிறுத்தி, 5 சென்டிமீட்டரில் எடுத்த வறண்ட குரலை, இடது காதில் மட்டும். இதைவிட மலிவான, இதைவிட உறுதியான உத்தி கிடையாது.

மௌனத்துக்கு நாலு தட்டு விடுவதைவிட ஐந்து விடுங்கள். நாலில் காது அடுத்த அடியை எதிர்பார்க்கும். அது வராமல் ஐந்தாவது தட்டும் கடந்துபோவதுதான் நமக்கு வேண்டிய கணம். 72 வேகத்தில் 4.17 நொடி. முழுப் பூஜ்ஜியமாக விட்டால் ப்ளூடூத் அறுந்துவிட்டது என்று நினைப்பார்கள். யாரும் பேசாத அறையை 30 நொடி பதிந்து, மைனஸ் 60 டெசிபலில் அடியில் ஓடவிடுங்கள்.

மாஸ்டரிங்கில் எல்லாவற்றையும் நசுக்கிச் சத்தமாக்கினால் இவ்வளவு வேலையும் வீண். ஸ்பாட்டிஃபை, யூடியூப் இரண்டும் சத்தமான பாட்டை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) அருகே தாமே இறக்கிவிடும், ஆகவே நசுக்குவதில் லாபமும் இல்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபல், மெதுவான சரணத்துக்கும் பெரிய அடிக்கும் நடுவே 12 டெசிபல். அதைவிடக் கூட்டாதீர்கள், ஹெட்ஃபோனில் கேட்பவரின் செவிப்பறை உங்கள் திரைக்கதை அல்ல.

நாலு பாட்டாகப் போட்டால்

தொல்காப்பிய வரிசைப்படி அணங்கில் தொடங்காதீர்கள். பேயை முதலில் காட்டிவிட்டால் அப்புறம் ஏற இடமில்லை. பியர்ட் போனது போல வெளியிலிருந்து உள்ளே போங்கள்: இறை, கள்வர், விலங்கு, அணங்கு. எல்லாப் பாட்டும் ஒரே ஸ்ருதியில் இருந்தால் இரண்டாம் பாட்டிலேயே காது பழகிவிடும், பாட்டுக்குப் பாட்டு அரைக் கட்டை நகர்த்துங்கள். மூன்றாவது பாட்டில் ஆடக்கூடிய தாளம் இருக்கட்டும். முதல் பாட்டில் வந்த நாடித்துடிப்பு நாலாம் பாட்டின் முடிவில், தொடங்கிய அதே 72இல் திரும்பி வரலாம்.

சோதனை

இரவில் ஹெட்ஃபோனில் கேட்டால் எதுவும் பயமாகத்தான் இருக்கும். பகல் பதினோரு மணிக்கு, கைபேசி ஸ்பீக்கரில், பாதிச் சத்தத்தில், பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாமல் ஒருவருக்குப் போடுங்கள். 72 கட்டக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். எந்தக் கட்டத்தில் சிரித்தார் என்று குறியுங்கள். அங்கே ஒரு சத்தம் அதிகம், எடுத்துவிடுங்கள். ஐந்து தட்டு மௌனத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்தால் அறைச் சத்தத்தை 3 டெசிபல் ஏற்றுங்கள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் எந்தக் கட்டத்தில் நின்றதோ, அதன் மேல் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அந்த இடத்தில் இனி எதையும் தொடாதீர்கள்.